ஆபரேஷனில் தவறு நடந்துவிட்டதா? கேஸ் ஷீட்டிலிருந்து தொடங்குங்கள்

தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கும் என் அண்ணன் மகனுக்குக் கேஸ் ஷீட் (மருத்துவமனை நோயாளியைப் பற்றி எழுதி வைக்கும் முழுப் பதிவு) படித்துச் சொல்வது என் வேலை. டாக்டர் கையெழுத்து அவனுக்குப் புரியாது. சட்டம் எனக்கு முழுசாகப் புரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒப்பேற்றுகிறோம்.

எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருவார்கள். "அந்த டாக்டரை உள்ளே தள்ள முடியுமா?" "எவ்வளவு நஷ்ட ஈடு கிடைக்கும்?" இரண்டுக்கும் பதில் சொல்வதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான். கேஸ் ஷீட் வாங்கியாச்சா? "டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கு சிஸ்டர்" என்று இரண்டு பக்கத் தாளை நீட்டுவார்கள். அது மருத்துவமனை உங்களுக்குச் சொல்ல விரும்பிய கதை. நடந்தது என்ன என்பது கேஸ் ஷீட்டில்தான் இருக்கும்.

கேட்டு வாங்குவது எப்படி

2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நன்னடத்தை விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. நோயாளியோ அவர் அனுமதித்த ஆளோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுக்க வேண்டும் என்கிறது அந்த விதி. உள்நோயாளிப் பதிவுகளை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அதற்கு மேல் போனால் "அழித்துவிட்டோம்" என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

வாயால் கேட்காதீர்கள். ரிசப்ஷனில் இருக்கும் பெண் "எம்.ஆர்.டி.யில் கேளுங்க" என்பார், எம்.ஆர்.டி. என்கிற பதிவேட்டுப் பிரிவில் "டாக்டர் கையெழுத்து வேணும்" என்பார்கள், டாக்டர் வெளியூர் போயிருப்பார். ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள்:

"மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு. இன்ன தேதியில் அனுமதிக்கப்பட்டு இன்ன தேதியில் ஆபரேஷன் செய்யப்பட்ட இன்னார், உள்நோயாளி எண் இது. என்னுடைய முழு மருத்துவப் பதிவுகளின் நகலை 72 மணி நேரத்துக்குள் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நகல் எடுக்கும் கட்டணத்தைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன்."

அவ்வளவு போதும். குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம், "கோர்ட்டில் சந்திப்போம்" என்ற வசனமும் வேண்டாம். நேரில் கொடுத்து இன்னொரு நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதையும், போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தையும் எடுத்து வையுங்கள். அப்படியும் தராவிட்டால், தராததே உங்கள் புகாரில் ஒரு குறையாகச் சேரும்.

"முழு மருத்துவப் பதிவுகள்" என்று எழுதிவிட்டு, கீழே என்னென்ன வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பாதிதான் வரும். ஒப்புதல் படிவம், மயக்க மருந்து டாக்டர் எழுதிய அனஸ்தீசியா சார்ட், ஆபரேஷன் நோட்ஸ், தியேட்டரில் துணிகளை எண்ணி எழுதும் கவுண்ட் ஷீட், செவிலியர் குறிப்புகள், மருந்து சார்ட், உள்ளே போன நீர் வெளியே வந்த நீர் எழுதும் சார்ட், எல்லா லேப் ரிப்போர்ட்டும். ஏதாவது உறுப்பை எடுத்திருந்தால் பயாப்ஸி ரிப்போர்ட். தகடு, ஸ்குரூ, லென்ஸ், வால்வு எதையாவது வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர். ஸ்கேனுக்கு ரிப்போர்ட் மட்டும் போதாது, படமோ சி.டி.யோ வேண்டும். லேப்ராஸ்கோப்பி என்றால் வீடியோ பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதில் நான் முதலில் திறப்பது செவிலியர் குறிப்புகளைத்தான். சொந்தப் பெருமை என்று நினைக்க வேண்டாம். டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வந்து இரண்டு வரி எழுதுவார். இரவு முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது செவிலியர். அவர் மணி போட்டு எழுதுவார்.

தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண் ஒருவர் வந்தார். ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சிறுநீர் தானாகக் கசிந்துகொண்டே இருந்தது. வேறு ஊரில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் ஆபரேஷனில் சேதமாகியிருக்கிறது. திரும்பவும் ஒரு பெரிய ஆபரேஷன். முதல் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "நலமாக இருக்கிறார், காயம் ஆறுகிறது" என்று இருந்தது. கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். மூன்றாம் நாள் இரவு, 2.40 மணி: துணி நனைந்துகொண்டே இருக்கிறது என்று நோயாளி சொல்கிறார், டாக்டருக்குப் போனில் தெரிவிக்கப்பட்டது. கீழே ஒரு செவிலியரின் சின்னக் கையெழுத்து. அதற்கடுத்த இரண்டு நாள் டாக்டர் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு ஸ்கேன் இல்லை, ஒரு பரிசோதனை இல்லை, டயப்பர் வாங்கிக் கட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஒரு வரிதான் பிறகு எல்லாவற்றையும் தாங்கியது.

அப்புறம், இரண்டாவதாக ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். "முந்தைய டாக்டர் தப்பு செய்தார் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் யாரும் தர மாட்டார்கள், அவர்களைச் சங்கடப்படுத்துவதுதான் மிச்சம். "உள்ளே என்ன கண்டீர்களோ அதை நோட்ஸில் அப்படியே எழுதுங்கள், முடிந்தால் போட்டோ எடுங்கள்" என்று கேளுங்கள். வெளியே எடுத்த பொருள் ஏதாவது இருந்தால் அதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

எது தவறு, எது தவறில்லை

இங்கே கொஞ்சம் கசப்பாகப் பேசியாக வேண்டும். ஆபரேஷன் நன்றாக முடியவில்லை என்பதாலேயே டாக்டர் மேல் தப்பு என்று ஆகிவிடாது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். சாதாரணத் திறமையுள்ள, கவனமான ஒரு டாக்டர் அந்தச் சூழ்நிலையில் எப்படி நடந்திருப்பாரோ அப்படி இவர் நடந்தாரா என்பதே அளவுகோல். இரண்டு சிகிச்சை முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், இன்னொன்றைத் தேர்ந்திருக்கலாம் என்பது வழக்கில் நிற்காது. நானே பார்த்திருக்கிறேன், கை சுத்தமான, பொறுமையான சர்ஜன்கள் செய்த ஆபரேஷனிலும் தையல் விட்டிருக்கிறது, சீழ் பிடித்திருக்கிறது.

தென்காசிப் பெண் விஷயத்திலும் அப்படித்தான். கர்ப்பப்பை ஆபரேஷனில் சிறுநீர்க் குழாய்க்கு அடிபடுவது மருத்துவப் புத்தகங்களில் எழுதப்பட்டிருக்கும் சிக்கல்தான். அடிபட்டது என்று மட்டும் வழக்குப் போட்டிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் புத்தகத்தைத் தூக்கிக் காட்டியிருப்பார். அதனால் "குழாயை அறுத்துவிட்டார்" என்று எழுதவில்லை. "நனைகிறது என்று சொன்ன பிறகும் இரண்டு நாள் எதையும் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பினார்" என்று எழுதினோம். உங்கள் வழக்கிலும் இந்த இடத்தைத் தேடுங்கள். சிக்கல் வந்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள், எத்தனை மணிக்குச் செய்தார்கள்?

சில தவறுகளுக்கு இந்த வாதமெல்லாம் தேவையில்லை. இடது காலுக்குப் பதில் வலது காலைத் திறப்பது, ஒருவருக்குச் செய்ய வேண்டியதை இன்னொருவருக்குச் செய்வது, வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைப்பது. நடந்ததே சாட்சி என்று நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும் வகை இவை.

வயிற்றுக்குள் துணி எப்படித் தங்கும் என்று பலரும் கேட்பார்கள். பெரிய வயிற்று ஆபரேஷனில் ரத்தத்தை ஒற்றி எடுக்க மாப் என்று ஒரு தடித்த துணி வைப்போம். ரத்தத்தில் ஊறிய பிறகு அது குடலோடு குடலாகத் தெரியும். அதனால்தான் அதன் முனையில் ஒரு நாடா இருக்கும். அந்த நாடாவில் ஒரு கிளிப் மாட்டி, வயிற்றுக்கு வெளியே தொங்க விடுவோம். எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் ஒன்றும் துணிக்குள் ஓடும். ஆபரேஷனுக்கு முன் எண்ணிப் பலகையில் எழுதுவோம், நடுவில் புதிதாக வாங்கினால் அதையும் கூட்டுவோம், வயிற்றை மூடுவதற்கு முன் ஒரு எண்ணிக்கை, தோல் தைக்கும்போது ஒரு எண்ணிக்கை. கணக்கு இடித்தால் சர்ஜன் எவ்வளவு பெரிய ஆளானாலும் தையலை நிறுத்த வேண்டும். கணக்கு வராவிட்டால் எக்ஸ்ரே. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும், நோயாளி தியேட்டரை விட்டு வெளியே போவதற்கு முன் இந்த எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே கவுண்ட் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். "சரியாக இருந்தது" என்று எழுதிவிட்டு உள்ளே துணி இருந்தால், அந்தத் தாளே பொய் என்று ஆகிவிடும். தாளே இல்லை என்றால் இன்னும் மோசம், அவர்களுக்கு.

ஔரங்காபாதில் ஓர் அரசு மருத்துவமனையில் 1963இல் பிரசவத்துக்குப் பின் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் இப்படித்தான் துணியை விட்டுவிட்டார்கள். சில நாட்களில் அவர் இறந்துபோனார். குடும்பம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல்தான் முடிந்தது. அச்சுத்ராவ் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வார்கள். எந்த டாக்டரின் கை என்று துல்லியமாகக் காட்ட முடியாவிட்டாலும், ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பு என்று அதில் தீர்ப்பானது.

ஒப்புதல் படிவத்தையும் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். எந்த ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கினார்கள், எதைச் செய்தார்கள்? 2008இல் சமீரா கோலி வழக்கில், உள்ளே கருவி விட்டுப் பார்ப்பதற்கு மட்டும் சம்மதித்த பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வெளியே உட்கார்ந்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கினோம் என்றது டாக்டர் தரப்பு. உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, சுய நினைவுள்ள வயது வந்தவருக்காக இன்னொருவர் சம்மதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்மூரில் கணவரிடமோ அண்ணனிடமோ கையெழுத்து வாங்கிவிட்டு முடித்துக்கொள்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உயிர் போய்விட்டால்

துக்க வீட்டில் யாருக்கும் இதைச் சொல்ல மனசு வராது, ஆனாலும் யாராவது சொல்லியாக வேண்டும். சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனை இல்லாமல் தகனம் செய்யாதீர்கள். அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிறகு எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும் அந்தச் சான்றை உருவாக்க முடியாது.

கண்ணாடியை உடைக்காதீர்கள், டூட்டி டாக்டர் மேல் கை வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவமனைத் தாக்குதலுக்கு 2008ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, ஜாமீனில் விட முடியாத குற்றம். இரவு டூட்டியில் இருக்கும் பயிற்சி டாக்டர்தான் பெரும்பாலும் அடி வாங்குகிறார், ஆபரேஷன் செய்தவர் வீட்டில் இருப்பார். அதற்கப்புறம் நீங்கள் நோயாளியின் குடும்பம் இல்லை, ஒரு கிரிமினல் வழக்கின் எதிரி.

இரண்டு வருடக் கெடு

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால், வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இது. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதாலோ, மருத்துவமனை "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று இழுத்தடித்ததாலோ இந்தக் கெடு நீளாது. பேசுகிறவர்கள் பேசட்டும், நீங்கள் காலண்டரைப் பாருங்கள்.

உள்ளே விட்ட துணி பல வருடம் கழித்துத் தெரிந்தால்? நோயாளிக்குத் தெரிய வந்த நாளிலிருந்து கணக்கிடலாம், ஆனால் அதுவும் எல்லோருக்கும் கைகொடுக்காது. மும்பையில் செவிலியர் ஒருவருக்கு 1993இல் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் வயிற்று வலி, வலி மாத்திரை. 2002இல் வேறொரு மருத்துவமனையில் திறந்தபோது உள்ளே காஸ் துணி இருந்தது. 2004இல் புகார் கொடுத்தார். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்தே வலி இருந்திருக்கிறது, செவிலியரான உங்களுக்கு அந்த டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும் என்று தெரிந்திருக்கும், ஒன்பது வருடம் சும்மா இருந்தது சரியில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் அந்தப் புகாரைக் காலம் கடந்தது என்று தள்ளிவிட்டது. துணி உள்ளே இருந்ததே உண்மை. அப்படியும் ஒரு பைசா கிடைக்கவில்லை. என் தொழிலைச் சேர்ந்த ஒருத்திக்கு இப்படி ஆனதைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆபரேஷனுக்குப் பின் வலி தொடர்ந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல், அதே டாக்டரிடம் போய் ஓ.பி. சீட்டில் அதை எழுத வையுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார்

பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பானது. அதை மாற்றச் சொல்லி நடந்த முயற்சிகளெல்லாம் இதுவரை பலிக்கவில்லை. 2024 நவம்பரில்கூட மூன்று நீதிபதிகள் அதைத் திரும்பப் பரிசீலிக்க வேண்டிய தேவை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இதற்குள் வரும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எங்கே போடுவது? சென்னையிலோ கோவையிலோ ஆபரேஷன் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே போடலாம். இது 2019ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த பெரிய வசதி. சிகிச்சைக்கு நீங்கள் கட்டியது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை சென்னையிலுள்ள மாநில ஆணையம். கவனியுங்கள், நீங்கள் கேட்கிற இழப்பீட்டுத் தொகை இந்தக் கணக்கில் வராது, கட்டிய தொகைதான் கணக்கு. அறுபதாயிரம் ரூபாய் ஆபரேஷனுக்கு இருபது லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். கட்டியது 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் அனுமதிக்கிறது. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். சந்தேகம் கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

எதிர்த்தரப்பில் மருத்துவமனையை முதலில் போடுங்கள், சர்ஜனை இரண்டாவதாக. "அவர் எங்கள் ஊழியர் இல்லை, வந்து போகிற டாக்டர்" என்று மருத்துவமனை சொல்லும். அது எடுபடாது, 2004இலேயே உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஒதுக்கிவிட்டது. கோபத்தில் தியேட்டரில் இருந்த எல்லோர் பெயரையும் எழுதாதீர்கள். ஆளுக்கொரு வக்கீல், ஆளுக்கொரு வாய்தா.

புகாரைத் தேதி வரிசையில், சின்னச் சின்னப் பத்தியாக எழுதுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் எந்த ஆவணம் ஆதாரம் என்று எண் போடுங்கள். "கொலைகாரர்கள்" போன்ற சொல் ஒன்றுகூட வேண்டாம்.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுவார்கள். "பத்து லட்சம்" என்று மொத்தமாக எழுதுவார்கள், பில் இருப்பதோ ஒன்றரை லட்சத்துக்கு. முதல் ஆபரேஷன் செலவு, இரண்டாவது ஆபரேஷன் செலவு, போக்குவரத்து, துணைக்கு இருந்தவரின் சம்பள இழப்பு, உங்கள் வருமான இழப்பு, இனி ஆகப்போகும் செலவு, வலிக்கும் மன வேதனைக்கும் என்று பிரித்துக் கேளுங்கள். "நமக்கென்ன சம்பளச் சீட்டா இருக்கு?" என்றார் தென்காசிப் பெண். பீடிக் கடையில் வாரா வாரம் எத்தனை ஆயிரம் பீடி கொடுத்தார் என்று பதியும் பாஸ் புத்தகம் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய மாதங்களில் வரிசையாக எண்கள், அப்புறம் பல மாதம் வெற்றுப் பக்கம். அதைவிட நல்ல வருமானச் சான்று வேண்டுமா? பால் சொசைட்டி அட்டை, நூறு நாள் வேலை அட்டை, தையல் ஆர்டர் நோட்டு எதுவானாலும் தேடி எடுங்கள். வீட்டு வேலை மட்டும் செய்கிறவரின் உழைப்புக்கும் மதிப்பு உண்டு, அதையும் கேளுங்கள்.

கொல்கத்தாவில் மனைவியை இழந்த டாக்டர் குணால் சாஹாவுக்கு 2013இல் கிடைத்த கிட்டத்தட்ட 6 கோடியை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அந்த அளவை மனதில் வைத்து வீட்டுக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

நோட்டீஸ் கிடைத்ததும் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சிப் போனால் இன்னும் 15 நாள். 45 நாளைத் தாண்டினால் ஆணையத்தால்கூட நீட்டிக்க முடியாது என்று 2020இல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தேதியைக் குறித்து வையுங்கள், பதில் வராவிட்டால் எழுந்து நின்று சொல்லுங்கள்.

நிபுணர் கருத்து வேண்டுமா? துணி, தப்பான கால் போன்றவற்றுக்கு அவசியமில்லை. எல்லா வழக்குக்கும் நிபுணர் கட்டாயமில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் சொல்லியாகிவிட்டது. ஆனால் எங்கள் பீடிப் பெண் வழக்கு மாதிரி "எப்போது ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும்" என்ற கேள்வி வந்தால், அதே துறை டாக்டரின் கருத்து இருந்தால்தான் நிற்கும். உள்ளூரில் ஒருவரும் எழுதித் தர மாட்டார்கள், நாளைக்கு ஒரே சங்கக் கூட்டத்தில் முகம் பார்க்க வேண்டுமே. வெளி மாநிலத்தில் கேளுங்கள், அல்லது மருத்துவக் கல்லூரி நிபுணர் குழுவுக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே மனுப் போடுங்கள்.

இடையில் சமரசத்துக்கு அனுப்பலாமா என்று ஆணையம் கேட்கும். வேண்டாம் என்று மூஞ்சியைத் திருப்பாதீர்கள். அந்தப் பெண்ணின் வழக்கு அங்கேதான் முடிந்தது. இரண்டாவது ஆபரேஷன் செலவும், வேலை இழந்த மாதங்களுக்கான தொகையும், மேலே ஒரு தொகையும் கிடைத்தன. எந்தத் தேதிக்குள் பணம் என்பதைப் பத்திரத்தில் எழுத வைத்தான் என் அண்ணன் மகன். ஆணையத்துக்கு வெளியே, மருத்துவமனை மேனேஜர் அறையில் நீட்டும் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் ஒரு வரி ஒளிந்திருக்கும்.

அரசு மருத்துவமனை என்றால்

எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடமென்றால், இலவச நோயாளியும் போகலாம். மற்றபடி சிவில் நீதிமன்றம், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (நமக்கு மதுரைக் கிளை), மாநில மனித உரிமை ஆணையம் ஆகிய வழிகள் இருக்கின்றன. கேஸ் ஷீட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

அரசு என்றால் ஒன்றும் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யத் தவறியதால் பார்வை போனது. 2015இல் உச்ச நீதிமன்றம் 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2022இல் சென்னையில் மூட்டு ஆபரேஷனுக்குப் பின் இறுக்கிய கட்டால் காலையும், பிறகு உயிரையும் இழந்த இளம் கால்பந்து வீராங்கனையின் விஷயத்தில், மருத்துவர்களின் கவனக்குறைவு என்று அரசே ஒப்புக்கொண்டு அவர்களைப் பணியிடை நீக்கம் செய்தது. கருத்தடை ஆபரேஷன் தோற்றாலோ சிக்கலானாலோ அதற்குத் தனி இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே கேளுங்கள்.

போலீஸ், மருத்துவக் கவுன்சில், வக்கீல்

போலீஸுக்குப் போனால் பணம் வராது. மருத்துவரின் கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனால் கிரிமினல் வழக்குக்கு அப்பட்டமான, மிக மோசமான அலட்சியம் வேண்டும். அதே துறையிலுள்ள டாக்டர் ஒருவரின் கருத்து, முடிந்தவரை அரசுப் பணியில் இருப்பவருடையது, வாங்கிய பிறகே காவல்துறை மேலே போக வேண்டும் என்பது ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. எல்லோரையும் நான் இந்தப் பக்கம் அனுப்புவதில்லை.

சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் டாக்டரை எச்சரிக்கலாம், சில காலம் பெயரை நீக்கலாம். அங்கேயும் இழப்பீடு கிடையாது. தியேட்டர் வசதியே சரியில்லாத மருத்துவமனை என்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், தொலைபேசி 15100. பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசம். மருத்துவமனைச் சேவை சம்பந்தப்பட்ட தகராறுகளை நிரந்தர மக்கள் நீதிமன்றத்திலும் கொண்டுபோகலாம், அங்கே கட்டணம் இல்லை. "வருகிற பணத்தில் முப்பது சதவீதம் எனக்கு" என்று பேரம் பேசும் வக்கீலிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவில் வக்கீல்கள் அப்படிப் பங்கு பேசுவதற்குத் தடை இருக்கிறது.

மாவட்ட ஆணையத் தீர்ப்பு பிடிக்காவிட்டால் மாநில ஆணையத்துக்கு 45 நாளுக்குள் மேல்முறையீடு. மருத்துவமனை மேல்முறையீடு செய்தால், கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடுங்கள். உத்தரவை மதிக்காதவர்களுக்கு ஒரு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது 72ஆம் பிரிவு. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மனு போனதும் காசோலை வந்துவிடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.